தையில் சொன்னதும் ஆடியில் கேட்டதும்

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு விசாரணை உண்டு. முதலாவது தைப்பொங்கலன்று, சாப்பிட்டுக் கை கழுவின கையோடு. இந்த வருஷம் என்ன செய்யப்போகிறோம் என்று ஆளுக்கு ஆள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டாவது ஆடி முதல் தேதி. தையில் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, நடக்காததற்கு யார் காரணம் என்று என் மனைவி கேட்பாள். யார் காரணம் என்பதில் இதுவரை பெரிய குழப்பம் வந்ததில்லை.

கல்யாணமான முதல் வருஷமே அவள் இதை ஆரம்பித்துவிட்டாள். தாராவியில் ஒரு தையல் யூனிட்டில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த சட்டையை உள்ளும் வெளியும் புரட்டி, தையல் விட்ட இடம், நூல் தொங்குகிற இடம் எல்லாவற்றையும் பிடித்துத் தனியாக ஒதுக்குவாள். வருஷத்தில் ஒரு நாள் அதே கண்ணோடு என்னைப் பார்ப்பாள். காலேஜ் கடைசி வருஷம் படிக்கிற எங்கள் மகள் இதற்கு அப்ரைசல் என்று பெயர் வைத்திருக்கிறாள். ஆனி முடியும்போதே, "பப்பா, அப்ரைசல் ஆ ரஹா ஹை, வந்துட்டே இருக்கு, ரெடியா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். செம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருக்கிறேன். பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினால், என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டேதான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன். அதனால் ஆடி முதல் தேதி என்றாலும் எனக்குப் பயம்தான். அது வீட்டுக்குள் அடங்குகிற பயம், திட்டு வாங்கினால் தீர்ந்துவிடும். இந்த வருஷம் ஆடியில் வந்த பயம் வேறு ரகம். இதை எழுதும்போதும் அது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இந்தத் தையில் நான் சொன்னதெல்லாம் சாதாரண ஆசைகள்தான். கல்யாண் பக்கம் ஒரு வீடு பார்க்க வேண்டும். காலையில் எழுந்து நடக்க வேண்டும். மகளை ஒரு நல்ல கோர்ஸில் சேர்க்க வேண்டும். ஆடியில் அம்மன் கோயிலில் தீ மிதிக்க, பூக்குழி இறங்க வேண்டும். சுகரைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

"இதுல எது மொதல்ல?" என்றாள் மனைவி. அவளுக்கு வரிசை முக்கியம். எல்லாமே முக்கியம் என்று சொல்கிறவன் ஒன்றையும் செய்யமாட்டான் என்பது அவள் கட்சி.

"பூக்குழி" என்றேன்.

"சுகரு?"

"அது கெடக்கட்டும் கடைசில."

மாத்திரை போட்டால் தீர்ந்துபோகிற ஒரு சமாசாரத்தைத் தூக்கி முன்னால் வைப்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. அந்த மாத்திரையையும் ஞாபகம் வந்தால் போடுவேன். பூக்குழி அப்படியா? எங்கள் கல்லியில், அந்தச் சந்துக்குள், எனக்கு ஒரு பெயர் இருந்தது என்றால் அது பூக்குழியால் வந்ததுதான்.

போன வருஷத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். அதற்கு முந்திய மழைக்காலத்தில் மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒவ்வொரு நாளும் ரத்தத்தில் ஏதோ இறங்கிக்கொண்டே போவதாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, பிள்ளை பிழைத்து வந்தால் பூக்குழி இறங்குகிறேன் தாயே என்று நேர்ந்துகொண்டேன். பிழைத்து வந்தாள். எங்கள் கோயில் வழக்கப்படி ஒரு தடவை இறங்கினால் தொடர்ந்து மூன்று வருஷம் இறங்க வேண்டும். எனக்கு முதல் வருஷத்தை நினைத்தாலே பயம்.

ஆடி கடைசி ஞாயிறு. கோயிலுக்குப் பக்கத்து மைதானத்தில் காலையிலிருந்தே டெம்போ டெம்போவாகக் கட்டை வந்து இறங்கி எரிந்தது. சாயங்காலம் நெருப்புக் கங்குகளைப் பரப்பிவிட்டார்கள். ஓரத்தில் தீயணைப்பு வண்டி, போலீஸ் பந்தோபஸ்து, மாடிகளிலெல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்த பையன்கள். எனக்கு முன்னால் போனவர்கள் ஓடினார்கள். ஒருவர் பாதியில் குதித்தார். பூசாரி என் தோளைத் தட்டியதும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். சுடவில்லை. கண்ணைத் திறந்தேன், அப்போதும் சுடவில்லை. பிறகு நான் ஓடவே இல்லை. சயான் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நடக்கிறவன் மாதிரி சாவகாசமாக நடந்து, மறுகோடியில் இருந்த பால்குழியில் காலை வைத்தேன். பொம்பளைகள் குலவையிட்டார்கள். பூசாரி தன் கழுத்து மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். அவர் காலையில் சைக்கிளில் மாதுங்கா பக்கம் இட்லி விற்கப் போகிறவர், லேசில் யாரையும் புகழமாட்டார். "அம்மன் இவரைக் கையில ஏந்திட்டுப் போயிட்டா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பயமில்லாத ஆள் என்று பெயர் வந்தது. காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர், "நெருப்பு சுடாத காலு வருது" என்பார். எனக்கு உள்ளம் குளிர்ந்துபோகும். இரண்டு நாள் கழித்து உள்ளங்காலில் ஒரு கொப்புளம் உடைந்து நீர் வடிந்ததை மனைவி பார்த்தாள். "புதுச் செருப்பு கடிச்சிருக்கு" என்றேன். அப்படித்தான் நானும் நினைத்தேன். அது ஆற ரொம்ப நாள் எடுத்தது, அதைப் பற்றியும் நான் கவலைப்படவில்லை.

இந்த வருஷம் ஆடி முதல் தேதி நல்ல மழை. விசாரணைக்கு வெளியாட்களும் வந்திருந்தார்கள். மனைவியின் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் உல்லாஸ்நகரிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். ரொம்ப வருஷம் தவம் கிடந்து பிறந்த பெண் குழந்தை. எங்கள் ஒற்றை ரூமில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்ததும் மகள் கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஐட்டம் நம்பர் ஒன். கல்யாண்ல வீடு."

"மழை நிக்கட்டும், பாப்போம்" என்றேன்.

"மார்னிங் வாக்?"

"அதும் மழை நின்ன பொறவுதான்."

"என் கோர்ஸ்?"

"அதை நீதானே இன்னும் முடிவு பண்ணல?"

"வாஹ் பப்பா வாஹ்! சுகர்?"

மனைவி பதில் சொன்னாள். "போன மாசம் டெஸ்ட் எடுக்கணும்னு சொன்னேன். லேபு வரைக்கும் போயிட்டு, கூட்டமா இருக்குன்னு திரும்பி வந்துட்டாவ இவிய."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான். "பூக்குழி இருக்குல்லா? அதை மட்டும் பாருங்க. நாலு வாரத்துல செஞ்சு காட்டுதேன்" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

அப்போதுதான் மனைவியின் தங்கை வாயைத் திறந்தாள். அதற்காகத்தான் அவர்கள் வந்ததே. "அத்தான், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதீங்க. புள்ள பொறந்தா பூக்குழியில தூக்கிட்டு எறங்குதோம்னு நேந்திருக்கோம். இவியளுக்குப் பயமா இருக்காம். உங்க காலுதான் சுடாத காலு ஆச்சே. நீங்க தூக்கிட்டு எறங்குவீங்களா?"

அவள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணாச்சி கையில குடுத்தா எனக்கு நிம்மதி" என்றார்.

பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். என் விரலைப் பிடித்துக்கொண்டு அது என்னையே பார்த்தது. நாலு விஷயத்தில் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்த எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "இதுக்குப் போய் இம்புட்டு யோசிக்கணுமா?" என்றேன். மனைவி மட்டும் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள். செம்பூரில் ஸ்கூல் விட்டு பஸ் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. சயானில் இறங்கினால் ரோடு தெரியவில்லை, முழங்காலுக்குக் கீழே அத்தனையும் தண்ணீர். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து தாராவிக்குள் வந்தேன். எங்கள் கல்லி கொஞ்சம் மேடு, அங்கே தண்ணீர் இல்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை.

எங்கே கழன்றது என்று யோசித்தேன். தெரியவில்லை. தண்ணீரில் போயிருக்கலாம். ஆனால் தண்ணீர் முடிந்து சிமெண்ட் தரையில் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறேனே? ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறுமையுமாக நடந்தால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே? உள்ளே போகத் திரும்பியபோது வாசற்படியில் ரத்தம் பார்த்தேன். யாருடைய ரத்தம் என்றுதான் முதலில் தோன்றியது.

வீட்டில் யாரும் இல்லை. மூலையில் பாத்திரம் கழுவுகிற மோரியில் உட்கார்ந்து காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தேன். குதிகாலுக்குப் பக்கத்தில் பாட்டில் கண்ணாடி ஒன்று நன்றாக உள்ளே இறங்கியிருந்தது. பிடித்து இழுத்தேன். வந்தது. வலிக்கவில்லை. விரலால் அந்த இடத்தை அழுத்தினேன். விரலுக்குத்தான் கால் தெரிந்தது, காலுக்கு விரல் தெரியவில்லை. மனைவியின் தையல் டப்பாவிலிருந்து ஊசி எடுத்து, பெருவிரல் நுனியில் குத்தினேன். சொட்டு ரத்தம் வந்தது. அடுத்த விரல், அதற்கடுத்த விரல். வலது காலிலும் குத்தினேன். என் காலில் நானே ஊசி குத்திக்கொண்டு, ஐயோ என்று ஒரு தடவை கத்திவிட மாட்டோமா என்று ஏங்கி உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் போன வருஷத்து நெருப்பு எனக்கு விளங்கியது. அம்மன் என்னைக் கையில் ஏந்தவில்லை. நெருப்பு எல்லோரையும் சுட்ட மாதிரி என்னையும் சுட்டிருக்கிறது. சொல்வதற்குத்தான் காலில் ஆள் இல்லை. அந்த மாலை, குலவை, காய்கறிக் கடைக்காரரின் பேச்சு எல்லாம் செத்துப்போன இரண்டு பாதங்களுக்குக் கிடைத்த மரியாதை. எனக்கு வியர்த்துக் கொட்டியது. அப்படியே உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் அழுதேன்.

கண்ணாடித் துண்டை எடுத்துப் போய் வெளியே குப்பையில் போட்டேன். வாசற்படியைக் கழுவி, காலில் துணி சுற்றிக் கட்டினேன். கால்கட்டைப் பார்த்து மனைவி கேட்டபோது தண்ணீரில் ஏதோ கீறிவிட்டது என்றேன். மகள், "டிடி ஊசி போட்டியா பப்பா?" என்றாள். போட்டேன் என்று பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே ஆச்சரியம். எங்கள் கல்லி முனையில் பீடாக்கடை வைத்திருக்கிறவருக்குச் சுகரில் முதலில் ஒரு விரல் போனது, பிறகு கணுக்கால் வரை போனது. தினமும் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவேன். இப்போது எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போனேன். ஆபீஸில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரில் போகிற வருகிறவர்களின் கால்களைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஷூவில் மணல் புகுந்தது என்று நொண்டிக்கொண்டு வந்து கழற்றி உதறுவதைப் பார்க்கும்போது பொறாமையாக இருந்தது. மணல் உறுத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பூக்குழியை நினைத்தால் இரண்டு பக்கமும் பயம். இறங்கினால் கால் போகும். அதைவிட, கையில் பிள்ளை இருக்கும். கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாதவன் கங்கின் மேல் நடக்கிறான், கட்டை உருண்டால் தெரியாது, தடுக்கினால் தெரியாது, தலைகுப்புற விழும்போதுதான் தெரியும். அந்த இடத்துக்கு வந்ததும் மனசை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். இறங்காமல் இருந்தாலோ நேர்ச்சை நிற்கும். பிழைத்து வந்த மகள் கண் முன்னால் நடமாடுகிறாள், அவளைக் கொடுத்தவளுக்கு நான் என்ன சொல்வது? உன் அருள் என்று நினைத்தேன், அது வியாதி என்று ஒரு அம்மனிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னால் அவள் சும்மா இருப்பாளா? படித்தவன்தான், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவன்தான். இருந்தாலும் பிள்ளை விஷயத்தில் அம்மனோடு விளையாட எனக்குத் தைரியம் இல்லை.

உல்லாஸ்நகரிலிருந்து மனைவியின் தங்கை தினமும் போன் பண்ணுவாள். குழந்தைக்குச் சின்னப் பட்டுப்பாவாடை தைத்தாயிற்று என்பாள். அத்தான் கையில் இருக்கிறபோது வழுக்காமல் இருக்க இடுப்பில் ஒரு துண்டு கட்டிவிடலாமா என்பாள். நான் கட்டலாம், கட்டலாம் என்பேன்.

காப்புக் கட்டுகிற நாள் வந்தது. பூக்குழி இறங்குகிறவர்கள் எல்லோரும் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, கோயிலில் வரிசையாக நின்று மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிவிட்டால் பின்வாங்கக் கூடாது. உடம்புக்கு முடியவில்லை என்றும் சொல்லக் கூடாது. போன வருஷத்துப் பெயருக்காக என்னை முதல் ஆளாக நிறுத்தியிருந்தார்கள். பூசாரி கயிற்றை மஞ்சளில் தோய்த்துக்கொண்டிருந்தார். கீழே ஈரக் கல்தரை. பக்கத்தில் நின்றவர் "என்னா சில்லுனு இருக்கு" என்று காலை மாற்றி மாற்றி வைத்தார். நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். அது தரையில்தான் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

வரிசையை விட்டு வெளியே வந்தேன். பொம்பளைகள் பக்கம் நின்ற மனைவியிடம் போனேன். "எனக்குக் காலு தெரியல" என்றேன்.

"என்ன தெரியல?"

"காலே தெரியல. ரெண்டும். ஊசி குத்துனாலும் தெரியல. போன வருசம் சுடாம இருந்தது அதனாலதான். புள்ளையத் தூக்கிட்டு எறங்க எனக்குப் பயமா இருக்கு. எறங்காம இருக்கவும் பயமா இருக்கு."

கோயில் கொட்டுச் சத்தத்தில் நான் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "போன வருசம் அந்தக் கொப்புளத்தப் பாத்தன்னைக்கே எனக்குச் சந்தேகம். செருப்பு கடிச்சா அங்கனயா வரும்? நீங்க செருப்புன்னு சொன்னீங்க. சரி செருப்புன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன். கேட்டா என்ன சொல்லுவீங்களோன்னு பயமாத்தான் இருந்துச்சு."

அத்தனை சட்டையிலும் குறை கண்டுபிடிக்கிறவள், என் காலைப் புரட்டிப் பார்க்கப் பயந்து ஒரு வருஷம் இருந்திருக்கிறாள். என் பயத்தைப் பற்றி எனக்குத் தெரியும். அவளும் பயப்படுவாள் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

அவள் என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நேரே பூசாரியிடம் போனாள். என்ன பேசினாள் என்று முழுவதும் கேட்கவில்லை. பூசாரி என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். "புருசன் நேந்தத பொண்டாட்டி செலுத்தலாம் தாயி, அதுல ஒண்ணும் தோசமில்ல" என்றார். அவள் கையை நீட்டினாள். அவர் காப்பை அவள் மணிக்கட்டில் கட்டினார்.

குழந்தையோடு கோயிலுக்கு வந்திருந்த தங்கையிடமும் அவளே பேசினாள். "புள்ள நெருப்புக்குள்ள வராது. நானும் தூக்க மாட்டேன், ஒருத்தரும் தூக்கக் கூடாது. மாவெளக்கு போடு, அம்மன் ஏத்துக்கிடுவா." தங்கைக்கு ஆறவில்லை. நேர்ந்ததை மாற்றச் சொல்ல நீ யார் என்று கேட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்போதே உல்லாஸ்நகருக்கு டிரெயினைப் பிடித்துப் போய்விட்டாள். நான் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

மறுநாள் மனைவி என்னை கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சின்ன வயசுப் பெண், மராத்திக்காரி. கால்கட்டைப் பிரித்ததுமே அவள் முகம் மாறியது. காயம் அழுக ஆரம்பித்திருந்தது, அதுவும் எனக்குத் தெரியவில்லை. அதைச் சுத்தம் செய்து முடித்து, ஒரு சின்னப் பிடியில் பொருத்தின நைலான் நரம்பு மாதிரி ஒன்றை எடுத்தாள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், காலில் இதால் தொடுவேன், தொடுவது தெரிகிறபோதெல்லாம் சொல்லுங்கள் என்று ஹிந்தியில் சொன்னாள்.

கண்ணை மூடிக்கொண்டேன். பரீட்சைக்கு உட்கார்ந்த பையன் மாதிரி கவனமாகக் காத்திருந்தேன். ஒன்றையும் விட்டுவிடக் கூடாது, லேசாகப் பட்டால்கூடச் சொல்லிவிட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே பஸ் ஹாரன் கேட்டது. அவள் ஏதோ தேடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மனைவி என் தோளில் கை வைத்தாள்.

"ஷுரு கீஜியே, டாக்டர்" என்றேன். ஆரம்பியுங்கள் என்று.

"ஹோ கயா, அங்கிள்" என்றாள் அவள். "தோனோ பைர்."

முடிந்துவிட்டது, இரண்டு காலும்.

போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பி வராது என்றாள். இருக்கிற காலைக் காப்பாற்றலாம், அதற்குச் சுகர் இறங்க வேண்டும், இந்தக் காயம் ஆற வேண்டும், ஆறுமா என்று சில வாரம் பார்த்துத்தான் சொல்ல முடியும். வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது. தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். காயம் ஆறாவிட்டால் என்ன என்று மனைவி கேட்டாள். டாக்டர் மருந்து எழுத ஆரம்பித்தாள்.

ஆடி கடைசி ஞாயிறு மழை விட்டிருந்தது. கோயில் மைதானத்தில் செருப்போடு நிற்கக் கூடாது என்பதால், நான் கயிறு கட்டின எல்லைக்கு வெளியே, போலீஸ்காரர்கள் நிற்கிற பக்கமாக, புது ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு நின்றேன். மகள் அம்மாவோடு உள்ளே போயிருந்தாள். சிலர் என்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அதைப் பற்றி நினைக்க எனக்கு நேரமில்லை. மஞ்சள் சேலையில், தலைவிரிகோலமாக, ஈரம் சொட்டச் சொட்ட மனைவி வரிசையில் நின்றாள். ஒரு நாளும் இதிலெல்லாம் இறங்காதவள். எனக்காக நிற்கிறாள். அவளுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன்? தாயே, தாயே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு வார்த்தை வரவில்லை.

அவள் முறை வந்தது. இறங்கினாள். முதல் அடியிலேயே அவள் முகம் கோணியது. வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த அடியில் தோள் குறுகியது. பிறகு ஓடினாள், நடுவில் ஒரு தடவை தள்ளாடி, கையை விரித்துச் சமாளித்து, மீண்டும் ஓடினாள். பால்குழியில் காலை வைத்ததும் மகள் பிடித்துக்கொண்டாள். குலவைச் சத்தம் எழுந்தது.

எல்லை தாண்டி என்னிடம் வர அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மகளின் தோளில் கை போட்டு, குதிகாலை ஊன்றாமல் நொண்டி நொண்டி வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். இந்த வருஷத்து நேர்ச்சை முடிந்தது, பெரிய பாரம் இறங்கியது, சிரிப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. மூச்சு வாங்க என் முன்னால் நின்று, என்னையே பார்த்தாள்.

"ரொம்பச் சுட்டுச்சுங்க" என்றாள்.

"தெரியும்மா. பாத்தேன்."

"உங்களுக்குத் தெரியாது." அவள் குரல் உடைந்தது. "அம்புட்டுச் சூடு. ஒரு அடி வைக்க முடியல. இதுலயா போன வருசம் நீங்க மெதுவா நடந்து போனீங்க?"

சொல்லிவிட்டு அவள் குனிந்து என் ஷூவைப் பார்த்தாள். என் கால் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோதுகூட அவளுக்கு முழுதாக விளங்கவில்லை. இப்போது விளங்கிவிட்டது. தன் கால் எரிவதை மறந்து அவள் என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.